கண்ணாடியில் பனி

"ரெண்டாவதும் பொண்ணு. அதான் எங்கப்பா எட்டிக்கூடப் பாக்கல."

சௌந்தரம் அழாமல்தான் சொன்னாள். அழுது முடித்திருந்தாள்.

கடலூர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது ஐப்பசியில். இப்போது மார்கழி. கீரப்பாளையத்திலிருந்து அம்மா பட்டம்மாள் வந்து கூட இருக்கிறாள். அப்பா கோவிந்தசாமி மட்டும் வரவில்லை. அவர் வந்து பேர் வைத்தால்தான் ஆச்சு என்று சௌந்தரம் பிடிவாதமாக இருந்தாள்.

"அவரு இப்பல்லாம் எங்கதான் போறாரு?" என்றாள் பட்டம்மாள். "குறிஞ்சிப்பாடி கல்யாணத்துக்கு பஸ் ஏறினாரு. நடுவழியில கண்டக்டரோட சண்டை. இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துட்டாரு. அவ்ளோ வீம்பு!"

சௌந்தரத்தின் புருஷன் சக்கரபாணி மோட்டார் மெக்கானிக். மாமியார் சொன்னதைக் கேட்டு யோசித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"காலையில நானே வண்டியில போய் அழைச்சிட்டு வர்றேன்," என்றான்.

விடிந்தும் விடியாததுமாய் கீரப்பாளையம் போய்ச் சேர்ந்தான். பனி மூட்டத்தில் எதிர்வீடு தெரியவில்லை.

"வயல்ல வேலை கிடக்குது மாப்ளே. அப்புறம் ஒருநாள் வர்றேன்," என்றார் கோவிந்தசாமி.

"பஸ்ஸு இல்ல மாமா. நம்ம மோட்டார் சைக்கிள். மெதுவா போலாம்."

கோவிந்தசாமி வண்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

சக்கரபாணி ஹெல்மெட்டைப் போட்டு, அதன் முன்கண்ணாடியை இறக்கிவிட்டான். நெய்வேலியில் வேலை பார்த்தபோது, ஊர் திரும்பிய ஜெர்மன்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது.

சிதம்பரம் வருவதற்குள்ளேயே வண்டி நின்றது.

"கண்ணாடியில பனி படிஞ்சிடுச்சு மாமா. ரோடே தெரியல."

இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, திரும்பி நின்று துடைக்க ஆரம்பித்தான்.

"நிறுத்தினதுதான் நிறுத்திட்டீங்க, இதோ வந்துடறேன்," என்று கோவிந்தசாமி புதர்ப் பக்கம் ஒதுங்கினார்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டி மறுபடியும் நின்றது.

"என்ன மாப்ளே, இன்னுமா பனி?"

"மூச்சுக்காத்து உள்ளயே படியுது மாமா."

புதுச்சத்திரத்தில் ஒரு தடவை. ஆலப்பாக்கத்தில் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் முனகிக்கொண்டேதான் ஒதுங்கிவிட்டு வந்தார்.

"கழட்டித் தூரப் போட்டுட்டு ஓட்டுங்களேன்!"

"எதிர்க்காத்து கண்ணுல அடிக்கும் மாமா."

இவர்கள் கடலூர் வந்து சேர்வதற்குள் பின்னால் வந்த பஸ்களெல்லாம் எப்போதோ தாண்டிப் போயிருந்தன.

சௌந்தரம் வாசலுக்கு வந்தாள். "வாங்கப்பா" என்றதோடு சரி, முகம் கொடுக்கவில்லை. கோவிந்தசாமி கால் கழுவிக்கொண்டு நேரே தூளியண்டை போனார். குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அது அவர் மீசையைப் பிடித்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

"தில்லையம்மா," என்று அதன் காதில் கூப்பிட்டார். "என் தில்லையம்மா."

சௌந்தரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத்தினி ஆசை இருக்குல்ல? அப்புறம் ஏன்பா இவ்ளோ நாளா வரல?"

கோவிந்தசாமி குழந்தையைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"வேலைம்மா."

அந்தப் பேச்சை மாற்றத்தானோ என்னவோ, அவர் மருமகன் மேல் பாய்ந்தார்.

"இன்னிக்கு மட்டும் சீக்கிரமாவா வந்தேன்? பெரிய மெக்கானிக்காம்! ஒரு கண்ணாடியத் தொடச்சு வெச்சுக்கத் தெரியல. மைலுக்கு மைல் நிறுத்தி நிறுத்தி, உசிர வாங்கிட்டாரு!"

பட்டம்மாள் சிரித்தாள். சௌந்தரமும் சிரித்துவிட்டாள்.

"சோப்பு தடவணும்பா," என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். காய்ந்த சோப்பை உள்பக்கம் லேசாகத் தடவி, பழைய மல் துணியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. "இனிமே மூச்சு விட்டாலும் பனி பிடிக்காது. எங்க டீச்சரம்மா மூக்குக்கண்ணாடிக்கு இப்பிடித்தான் செய்வாங்க."

"பாத்துக்குங்க மாப்ளே!" என்றார் கோவிந்தசாமி.

சக்கரபாணி தலையாட்டினான்.

சாப்பாடு ஆனதும் மாமனாரும் மருமகனும் கீரப்பாளையத்துக்குக் கிளம்பினார்கள். உச்சி வெயில். வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. வயலெல்லாம் கண் கூச மின்னிக்கொண்டிருந்தது.

ஆலப்பாக்கம் தாண்டியதும் கோவிந்தசாமி சீட்டில் நெளிய ஆரம்பித்தார். கையால் பின்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒரு பனைமர வரிசையை ஒட்டி வண்டி நின்றது.

"கண்ணாடியில பனி மாமா," என்றான் சக்கரபாணி. ஹெல்மெட்டைக் கழற்றி, முதுகைக் காட்டி நின்று துடைக்க ஆரம்பித்தான்.

கோவிந்தசாமி இறங்கினார். அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். மருமகன் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை.



"அன்னிக்கு பஸ்ஸுல..." என்றார். "ஒரு நிமிஷம் நிறுத்துப்பான்னு கெஞ்சினேன் மாப்ளே. நிறுத்தல. அடக்க முடியல. பொம்பளைங்கல்லாம் பாத்து சிரிச்சாங்க. அதுலேர்ந்துதான் நான் எங்கயுமே... இத எப்பிடிய்யா பெத்த பொண்ணுகிட்ட சொல்லுவேன்?"

சக்கரபாணி திரும்பவே இல்லை. துடைத்துக்கொண்டே சொன்னான்:

"இன்னிக்குப் பனி ரொம்ப ஜாஸ்தி மாமா. தொடைக்க நேரமாவும். நீங்க மெதுவா போய்ட்டு வாங்க."