பாத்ரூமில் புகை

"இதுக்கு மேல எங்களால முடியாது டாக்டர். இன்னிக்கே இவனை வார்டுல சேத்துக்குங்க" என்றாள் அண்ணி. கையோடு கொழுந்தனின் துணிமணிகளை ஒரு பையில் திணித்து எடுத்து வந்திருந்தாள்.

கொழுந்தன் பக்கத்து நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். மனநோய்க்காக ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவன். நான்கு மாதமாகத்தான் ஒரு பைண்டிங் கடையில் நோட்டுத் தைக்கப் போகிறான். ஒரு மாதம் வார்டில் கிடந்தால் அந்த வேலை கைவிட்டுப் போய்விடும். அது அவனுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். ஆனால் அண்ணிக்கு மூக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது?

இரண்டு மாதமாக வீட்டு பாத்ரூமில் சிகரெட் நாற்றம். ஜன்னல் விளிம்பில் முதல் துண்டைக் கண்டெடுத்த அன்றே அவள் வீட்டை ரெண்டு பண்ணிவிட்டாள். யார் பிடித்தது என்று யோசிக்க அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டில் இருப்பது மூன்று பேர். அவள் பிடிக்க மாட்டாள். கணவர் ஒரு கம்பெனியில் மேனேஜர். அப்புறம் துப்பறிய என்ன இருக்கிறது?

"எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் பார்ட்டியில ரெண்டு பெக் எடுத்துக்குவார். அது மரியாதைக்கு. சிகரெட்டு வாடைன்னா அவருக்கு ஆகவே ஆகாது. பாத்ரூம் போனா ஸ்ப்ரே அடிச்சுட்டுத்தான் வெளிய வருவார். பாவம், தம்பிக்காக எல்லாத்தையும் சகிச்சுக்கிறார்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் பெருந்தன்மையோடு தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் கொழுந்தனிடம் கேட்டார். பழக்கமே இல்லை என்றான் அவன். 'இவன் பேச்சைப் போய்க் கேட்கிறீர்களே' என்பதுபோல அண்ணி டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

மனநோய் இருப்பவர்களில் நிறைய பேர் சிகரெட்டில் போய் விழுகிறார்கள், அதை நாங்களும் சரியாகக் கவனிப்பதில்லை, இந்த வாரத்திலிருந்துதான் பரிசோதிக்க ஆரம்பித்திருக்கிறோம் என்றார் டாக்டர். சிஸ்டர் உள்ளங்கை அளவில் ஒரு மெஷினைக் கொண்டுவந்தாள். மூச்சைப் பிடித்து ஊதினால் போதும், உள்ளே போன புகையை அது எண்ணாகச் சொல்லிவிடுமாம்.

கொழுந்தன் ஊதினான். இரண்டு என்று காட்டியது.

"ஆறுக்கு மேல போனாத்தான் சிகரெட். இவர் பிடிக்கிறவர் இல்லீங்க" என்றாள் சிஸ்டர்.

அண்ணிக்கு முகம் சுருங்கிவிட்டது. மெஷின் கோளாறாக இருக்கும் என்றாள். சிஸ்டர் குழாயை மாற்றித் தானே ஊதிக் காட்டினாள். ஒன்று. அதையும் நம்பாமல் அண்ணியே வாங்கி ஊதினாள். இரண்டு.

"பாத்தீங்களா? இதுக்கு ரெண்டுக்கு மேல எண்ணவே தெரியல" என்றாள் அண்ணி வெற்றிப் பெருமிதத்தோடு. "ஏங்க, நீங்களும் ஒரு தடவை ஊதுங்க."

கணவருக்குத் திடீரென்று காரை வழியில் நிறுத்திவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. பிறகு ஜலதோஷம் வந்தது. பிறகு அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அண்ணி விடுகிறவளா? போனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, குழாயை அவர் வாயருகே நீட்டினாள்.

ஊதினார்.

மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்து, அது கீச்சுக் கீச்சென்று கத்தவும் ஆரம்பித்தது. இருபத்து மூன்று.

சிஸ்டர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். டாக்டர் ஃபைலுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார். ஆபீஸில் வேலை நெருக்கடி, ஒரு நாளைக்கு இரண்டே இரண்டுதான் என்று கணவர் கைக்குட்டைக்குள் ஏதோ முனகினார்.

அண்ணிக்கு அவமானத்தில் காதெல்லாம் சுட்டது. வெளியாட்கள் முன்னால் மேனேஜரைத் திட்ட முடியாது. திட்டாமலும் இருக்க முடியாது. எனவே வழக்கமாகத் திட்டு வாங்குகிறவன் பக்கமே திரும்பினாள்.

"ஏன்டா, உனக்குத் தெரியும்தானே? இத்தனை நாளா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

கொழுந்தன் தன் துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"சொன்னேனே அண்ணி. அண்ணன்தான் பிடிக்கிறான்னு போன மாசமே சொன்னேன். எனக்குச் சந்தேகப் புத்தி முத்திப்போச்சுன்னு நீங்கதான் இங்க கூட்டிட்டு வந்து மாத்திரையைக் கூட்டச் சொன்னீங்க. டாக்டரும் கூட்டிட்டார்."