அக்கரையில் நின்ற ஆள்

"அந்த ஆள் இன்னும் போகல்ல, மதினி" என்றாள் அஸீஸா.

கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி சுபைறா அக்கரையைப் பார்த்தாள். மேட்டில், மருத மரத்துக்குப் பக்கத்தில், இலைகளுக்கு நடுவே ஒரு தலைப்பாகையும் காக்கிச் சட்டையும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. ஆள் மட்டும் அசையாமல் நின்றான்.

"எப்ப இருந்து நிக்கான்?"

"நாம இறங்கிக் கொஞ்ச நேரத்தில வந்தவன். நீங்க பயப்படுவீங்க எண்டு நான் சொல்லல்ல."

இருவரும் இன்னும் கொஞ்சம் தண்ணீருக்குள் பதிந்தார்கள். மாற்றுடுப்பு புதர்ப் பற்றைக்குப் பின்னால் இருந்தது. அதை எடுக்க, உடம்போடு ஒட்டிய ஈரச் சேலையோடு வெறும் மணலைக் கடக்க வேண்டும்.

கல்லோயாக் காட்டுக்கு அரசாங்கம் எல்லை போட்டு, சனங்கள் வந்து தங்கிப் பார்க்கலாம் என்று விட்ட அடுத்த வருஷம் அது. மருதமுனையில் புடவைக் கடை வைத்திருந்த மசூர், கடிதம் எழுதி அனுமதி எடுத்து மனைவி சுபைறாவையும் தங்கை அஸீஸாவையும் அழைத்து வந்திருந்தான். துணைக்குச் சுபைறாவின் தம்பி ஜவுபர். ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து, காலையில் மலையேறி இறங்கி, பின்னேரம் குளிக்க வந்தார்கள். வேலி கட்டிய கிணற்றடியைத் தவிர வேறெங்கும் குளித்தறியாத பெண்கள். அஸீஸா மிதக்கக்கூடப் பழகிவிட்டாள். அந்த ஆளைக் காணும் வரைக்கும் சிரிப்புத்தான்.

புறப்படும்போது மசூரிடம் உம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "குமர்ப் புள்ளையக் கூட்டிப் போறாய். ஒருத்தன்ட கண்ணும் படாமக் கொண்டு வந்து சேர்."

"மதினி, கையக் காட்டுறான்" என்றாள் அஸீஸா.

சுபைறா அதற்கு மேல் பொறுக்கவில்லை. "இஞ்ச ஒருக்கா வாங்க" என்று கணவனைக் கூப்பிட்டாள்.

யானை வரும் பாதையைப் பார்த்தபடி பற்றைக்கு அப்பால் காவல் இருந்த மசூரும் ஜவுபரும் ஓடி வந்தார்கள்.

"அங்கால ஒருத்தன் நிக்கான். நாங்க ஏற ஏலாம நிக்கோம். அஸீஸாக்கு விறைக்குது."

மசூர் பார்த்தான். முகம் கறுத்தது.

"ஆரது? பொம்புளைகள் குளிக்கிற இடம் இது. அங்கால போ."

ஆற்று இரைச்சலில் கேட்டதோ இல்லையோ, அந்த ஆள் நகரவில்லை. மறுபடியும் கை உயர்ந்தது. விரித்த கை, கொஞ்ச நேரம் அப்படியே நின்று இறங்கியது.

மசூர் விறகு வெட்டும் கத்தியை எடுத்தான்.

ஜவுபர் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "மச்சான், பொறுங்க. ஆர் எவன் எண்டு தெரியாது. அங்கால எத்தனை பேர் இரிக்கானுகளோ."

"எத்தனை பேர் இரிந்தாலும் எனக்கென்ன? நான் உம்மாக்குச் சொல்லிப்போட்டு வந்தவன்."

"சரி, போங்க. கத்திய என்னட்டத் தாங்க."

கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு தடியைக் கொடுத்தான் ஜவுபர். பெண்களை விட்டுவிட்டு அவனாலும் கூடப் போக முடியவில்லை.

மசூர் கொஞ்சம் கீழே போய் ஆற்றில் இறங்கினான். நடு ஆற்றில் நெஞ்சுமட்டம் தண்ணீர். இழுவை காலை வாரியது. ஒரு தடவை தலை முங்கி, இருமிக்கொண்டு எழும்பினான். தண்ணீருக்குள் நின்றபடி சுபைறா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேட்டில் அந்த ஆள் அப்படியே நின்றான்.

மசூர் வேரைப் பிடித்து ஏறி, அவன் சட்டையின் பின்கழுத்தைக் கொத்தாகப் பிடித்தான். தடியை ஓங்கினான்.

"பொம்புளைகள் குளிக்கிற இடத்தில உனக்கென்ன வேலை?"

ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். அவர் திரும்பவில்லை. காட்டுப் பக்கம் பார்த்தபடியே, "மெல்லக் கதைங்க தம்பி. நான் அழகரெத்தினம். ரோட்டு வேலைக் கங்காணி" என்றார்.

"கங்காணி எண்டா? இவ்வளவு நேரமா ஆரப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

அப்போது காட்டுப் பாதையில் ஏழெட்டுக் கூலியாட்கள் தோளில் துவாயோடு ஆற்றை நோக்கி ஓடி வந்தார்கள். உடம்பெல்லாம் செம்மண். கங்காணி கையை உயர்த்தி விரித்துக் காட்டினார். அவர்கள் அந்த இடத்திலேயே நின்றார்கள்.

மசூர் அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பள்ளத்தில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் மண் அப்பிய முதுகை ஆற்றுப் பக்கம் காட்டிக்கொண்டு. ஓடி வந்து நின்றவர்களும் போய் அதேபோல் உட்கார்ந்தார்கள்.

மசூரின் பிடி தளர்ந்தது. தடி கீழே விழுந்தது.

"முழு நாளும் வெயிலுக்குள்ள மண் வெட்டினவனுகள் தம்பி. இதுதான் இவனுகள் குளிக்கிற துறை. லொறி வாறதுக்குள்ள குளிச்சாத்தான் உண்டு" என்றார் கங்காணி.

பள்ளத்திலிருந்து ஒருவன், தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"ஐயா, அந்தப் புள்ளைகள் குளிச்சி முடிச்சிட்டாங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? நானும் திரும்பிப் பாக்கல்ல" என்றார் கங்காணி.