மூன்றாம் தரமும் எழும்பவில்லை

“இந்தக் கணினிப் பெட்டியைத் தூக்கிக் கடலுக்குள்ள போடப்போறன்” என்றார் முதலாளி இக்னேசியஸ். “மூண்டாந்தரமும் படுத்திட்டுது. நாளைக்கே புதுசு எடுத்து, திருத்திற வேலையையும் கொழும்புக் கொம்பனி ஒண்டிட்டக் குடுக்கிறன்.”

துறைமுகத்தடியில் திமிங்கிலம் பார்க்கப் படகு விடுகிற கந்தோர் அது. கணினி எழும்பினால்தான் முன்பதிவு. வெளியே கதிரைகளில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

முன்பதிவு எழுதும் ஜெயந்தனின் கவலை வேறு. புதுக் கணினி வந்தால், இதைத் திருத்த வருகிற அருள்மலர் இனி இந்த வாசற்படி மிதிக்க மாட்டாள். முதலாளி மனிசனுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது?

நிலாவெளி பஸ்ஸில் வந்து இறங்கினாள் அருள்மலர்.

“ஏன் பிள்ளை, முந்தி வீட்டில இருந்துகொண்டே இன்டர்நெட்டால உள்ள பூந்து திருத்துவீர். இப்ப ஏலாதோ?” என்று கேட்டார் இக்னேசியஸ்.

“ஓடிக்கொண்டு இருந்தா ஏலும் அண்ணை. எழும்பாட்டி நேர வந்துதான் ஆகவேணும்.”

கறுத்த திரையில் கிடந்த பிழைச் செய்திகளை அவள் வாசிக்கக்கூட இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ரூட் எண்ட முதல் வட்டுப் பகுதி இப்ப வாசிக்க மட்டும் விடுது, எழுத விடாது. ரிமவுண்ட் பண்ணி, எழுதவும் விடச் செய்தாத்தான் திருத்தலாம்” என்றபடி ஒரு கட்டளையைத் தட்டினாள். பிறகு ஒரு கோப்பைத் திறந்து, நேரே ஒரு வரிக்குப் போனாள். கணினி எழும்பும்போது தேடுகிற வட்டின் பெயரில் ஓரெழுத்துப் பிழை. அதைத் திருத்திச் சேமித்துவிட்டுக் கணினியை மறுபடி எழுப்பினாள்.

ஜெயந்தனின் பாடும் அந்த ரூட்டின் பாடுதான். இத்தனை மாதமாக அவளைப் பார்ப்பதோடு சரி. ஒரு வார்த்தை சொல்லப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், பாவம்.

கணினி எழும்பிவிட்டது. ஆட்களைக் கூப்பிட இக்னேசியஸ் வெளியே போனார். அருள்மலர் பையைத் தோளில் மாட்டினாள். இப்போது விட்டால் பிறகு ஏது? ஜெயந்தன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டான்.

“கோவிக்காதேங்கோ. முதல் ரெண்டு தரமும் அந்த எழுத்தை மாத்தினது நான்தான். அப்பிடியெண்டாலும் நீங்கள் வருவீங்கள் எண்டுதான் செய்தனான். ஆனா இண்டைக்குச் சத்தியமா நான் தொடேல்லை.”

அருள்மலர் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“தெரியும். இந்தத் தரம் வீட்டில இருந்து மாத்தினது நான்.”