தொளதொள சட்டை

“கரண்டு வெச்சுக்கிட்டுப் போய் பிள்ளையத் தூக்கலாமாக்கா?”

தையல்காரிக்குக் கரண்டு வைப்பது, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, இன்றுதான் ஆரம்பம். மார்பில் புற்றுக்கட்டிக்கு அறுவை செய்த இடம் ஆறிவிட்டது. தூக்கலாம் என்று டாக்டர் சொன்னது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. கதிர் உடம்பிலேயே தங்கும், தவழுகிற பிள்ளையைக் கிட்டச் சேர்க்காதே என்று நாத்தனார் சொன்னதுதான் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலி அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். “தாராளமாத் தூக்கு. மெஷினை நிறுத்தினா அதோட சரி. உடம்புல ஒண்ணும் தங்காது. நானும் முதல்ல பயந்தவதான்.”

வலிக்குமா என்று கேட்டதற்கு அக்கா வாயைத் திறக்குமுன், அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். எக்ஸ்ரே எடுப்பது போலத்தான், அசையாமல் படுத்தால் போதும், போகப்போகத் தோல் சிவக்கும், அசதியாக இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்று அடுக்கினார்.

தையல்காரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெண்கள் படுகிற பாடு இவருக்கு எப்படித் தெரியும்? போதாததற்கு அவர் போட்டிருந்த சட்டை வேறு கண்ணை உறுத்தியது. தோள் தையல் முழங்கை வரை தொங்கியது. உள்ளே இன்னொருவர் குடியிருக்கலாம்.

“பட்டவங்க சொல்லட்டும்ணே. நீங்க அந்தச் சட்டையக் குடுங்க, ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தர்றேன்.”

அவர் சிரித்துக்கொண்டார். அக்காவும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதவு திறந்தது. அடுத்தவர் வரலாம் என்று நர்ஸ் கூப்பிட்டாள். இன்றோடு முடிகிறதே என்று வாழ்த்தும் சொன்னாள்.

“நல்லபடியாப் போயிட்டு வாங்கக்கா,” என்றாள் தையல்காரி.

அக்கா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. எழுந்தவர் வீட்டுக்காரர்தான். நடந்துகொண்டே மேல் பொத்தான்களைக் கழற்றினார். மார்பில் கதிர் பாய்ச்சும் இடத்தைக் குறித்த மைக்கோடு தெரிந்தது, அதைச் சுற்றித் தோல் கன்றிச் சிவந்திருந்தது.

தையல்காரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

“ஆம்பளைக்கும் இது வரும்மா,” என்றார் அவர். “துணி உரசக் கூடாதுன்னுதான் இந்த அளவு. உனக்கும் இதே மாதிரி ஒண்ணு தெச்சுக்கோ. பிள்ளையப் பத்திக் கவலையே படாத. இங்கேருந்து வீட்டுக்குப் போனதும் என் பேத்தி தினமும் இந்த இடுப்ப விட்டு இறங்கறதே இல்ல.”