நாலரைக்கு வருகிறவள்

அக்செல் செத்துப்போன மனைவிக்குத் தினமும் சாப்பாடு வைக்கிறாராம் என்று வேலையிடத்தில் யாரோ சொன்னபோது சாருஜா சிரித்தாள்.

மட்டக்களப்பிலிருந்து கலியாணமாகி டென்மார்க்கின் வைலே நகரத்துக்கு வந்தவள் அவள். வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை கிடைத்து இரண்டு மாதம்தான். அக்செலுக்கு எண்பத்திரண்டு வயது. பிற்பகல் மூன்றரைக்குப் போய், வீங்கிய கால்களில் இருக்கும் இறுக்கமான காலுறையைக் கழற்றி, கண்ணுக்கு மருந்து விட வேண்டும். பதினைந்து நிமிட வேலை.

சின்ன வீடு. ஒரு படுக்கையறை, ஒரு குசினி, இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைச் சாப்பாட்டு மேசை.

முதல் நாள் அவள் போனபோது அவர் மேசையைச் சோடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியை இழுத்துவிட்டு, நடுவில் மெழுகுதிரி வைத்து, அதைச் சுற்றி ஊசியிலைக் கொப்புகளை அடுக்கினார். இரண்டு பீங்கான், இரண்டு கிளாஸ். யாராவது வருகிறார்களா என்று டெனிஷில் கேட்டாள்.

"ஹன்னா நாலரைக்கு வருவாள். அதற்கு முதல் நீ போய்விடு."

சுவரில் ஹன்னாவின் படம் இருந்தது. நீலக் கம்பளிச் சட்டை, சிவப்புச் சாயம் பூசிய உதடு. அவள் செத்து மூன்று வருடம் என்று கோப்பில் எழுதியிருந்தது.

சாருஜா அன்று கொஞ்சம் கெதியாகவே வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த நாள் போனபோது குசினித் தொட்டிக்குள் முதல் நாள் கழுவாமல் விட்ட பாத்திரங்கள் கிடந்தன. இரண்டு பீங்கானிலும் சாப்பிட்ட அடையாளம். ஒரு கிளாஸின் விளிம்பில் சிவப்பாக ஓர் உதட்டுத் தடம்.

அன்று கண்ணுக்கு விட்ட மருந்து இரண்டு தரம் கன்னத்தில் விழுந்தது. அவர் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைக் கொமூனுக்கு, இந்த ஊர் நகரசபைக்கு, எழுதிப் போடத்தான் வேண்டும் என்று நினைத்தாள். மனம் தடுமாறிய ஆள், தனியாக இருக்கிறார், மெழுகுதிரி வேறு கொளுத்துகிறார். எழுதினால் வந்து சோதித்துப் பார்த்து, முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அது அவருக்கும் நல்லதுதானே.

எழுத முதல், அந்த வீட்டுக்கு முன்பு போய்வந்த ஞானேஸ்வரியிடம் கேட்டாள். ஞானேஸ்வரி யாழ்ப்பாணத்து மனுசி. கணவன் இறந்து ஒன்றரை வருடம், பிள்ளைகள் இல்லை. இப்போது காலை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். போகிற வீடு எதிலும் இருக்கமாட்டா, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டா என்று எல்லோரும் சொல்லுவார்கள்.

"அதெல்லாம் எழுதாதையும். நீர் உம்மட வேலையைப் பாரும்," என்றா ஞானேஸ்வரி. முகம் கல்லாக இருந்தது.

மூன்றாம் நாள் சாருஜாவுக்கு அதே தெருவில் இன்னொரு வீடு இருந்தது. அதை முடித்துவிட்டு வரும்போது நாலேமுக்கால். கார்த்திகை மாதம், நன்றாக இருட்டிவிட்டது. அக்செலின் ஜன்னலுக்குத் திரை போடவில்லை.

உள்ளே மெழுகுதிரி எரிந்தது. அக்செல் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, நீலக் கம்பளிச் சட்டையோடு ஒரு பெண் இருந்தாள்.

ஓட வேண்டும் என்றுதான் சாருஜா நினைத்தாள். திரும்பும்போது சைக்கிள் கையிலிருந்து சரிந்து விழுந்தது.

சத்தத்துக்கு அந்தப் பெண் திரும்பினாள். சிவப்புச் சாயம் பூசிய உதடு. அதற்கு மேலே ஞானேஸ்வரியின் கண்கள்.

வாசலுக்கு வந்து கதவை அரைவாசி சாத்திவிட்டு, மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னா. அவருக்கு மனைவி செத்தது மறந்துபோய்விட்டதாம். ஒருநாள் தன்னை ஹன்னா என்று கூப்பிட்டாராம். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லையாம். அன்றிலிருந்து வேலை முடிந்தபின், படத்தில் இருக்கிற மாதிரியே உடுத்து வெளிக்கிட்டு வந்து கூட இருந்து சாப்பிடுகிறாவாம்.

"புருசன் செத்தவள், பொட்டு வைக்கிறதில்லை, உதட்டுக்குச் சாயம் பூசுறாள் எண்டு சனம் என்ன கதைக்கும் எண்டு தெரியும். கதைக்கட்டும். அவரை இந்த மேசையில இருந்து பிரிச்சுப்போடாதையும், பிள்ளை."

சாருஜா கொமூனுக்கு ஒன்றும் எழுதவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் பற்றி அவள் நினைத்ததெல்லாம் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் மூன்றரைக்குப் போனபோது அக்செல் வழமைபோல மேசையைச் சோடித்துக்கொண்டிருந்தார். அவள் தானாகவே கொப்புகளை எடுத்துக் கொடுத்தாள். ஹன்னாவுக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று, சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தெளிவான பார்வை.

"நேற்று வாசலில் கதைத்தது எனக்குக் கேட்டது. பெயர்களும் தொனியும் போதும், பாஷை விளங்கத் தேவையில்லை," என்றார். "ஹன்னா செத்துப்போனாள். அவளுடைய கையைப் பிடித்தபடி நான்தான் பக்கத்தில் இருந்தேன்."

சாருஜா கையிலிருந்த கொப்பை மேசையில் வைத்தாள். அவர் இரண்டாவது பீங்கானைத் துணியால் துடைத்து வைத்தார்.

"ஞானேஸ்வரி கணவன் போன பிறகு வீட்டில் சமைக்கிறதில்லை. ஒருநாள் என் காலுறையைக் கழற்றும்போது பசியில் மயங்கி, இந்த நிலத்தில் விழுந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றே சொன்னாள். பிறகு ஒருநாள், 'ஹன்னா, வந்து இரு' என்றேன். இருந்து, முழுவதையும் சாப்பிட்டாள்."