பூனை கேட்ட நலம்

யானை முதலாளியின் நெல் குடோனில் ஒரு பூனை இருந்தது. மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே எத்தனை நெல்மணி என்று சொல்லிவிடும். ஒரு மணிகூடப் பிசகாது, நம்புங்கள். கூடவே எருமை ஒன்று. அதற்குப் பத்துக்கு மேல் எண்ண வராது. சுமை தூக்க இருவருக்கும் ஆளுக்கு இருபது எலிகள். யாருடைய எலிகள் அதிகம் சுமக்கின்றனவோ அவருக்கே மேஸ்திரி வேலை.

தினமும் எருமைதான் முந்தியது.

"இதில் ஏதோ சூது இருக்கு" என்று பூனை மூட்டை இடுக்கில் ஒளிந்து வேவு பார்த்தது. எருமை, வந்த எலிகளிடம் குனிந்து, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டது. அவை சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கின.

"பூ, இவ்வளவுதானா?"

மறுநாள் காலை பூனை வாசலில் நின்று, முதலில் வந்த எலியின் முகத்தருகே குனிந்து, குரலில் தேன் தடவிக் கேட்டது: "சாப்பிட்டியாப்பா?"

எலி இரண்டடி பின்வாங்கியது. "நமக்கு ஆச்சுங்க. நீங்க இன்னும் சாப்பிடலீங்களா?"

மத்தியானத்துக்குள் இருபது எலிகளும் எருமைப் பக்கம் போய்விட்டன. மேஸ்திரி வேலையும் அங்கேயே போயிற்று.

அதே வார்த்தையைத்தானே கேட்டோம் என்று, பூனை இன்றைக்கும் எருமையின் தொண்டையைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறது.