மாடியிலிருந்து விழும் ஆள்

வீடியோ கேசட் அழிந்துபோனது. படம் இருந்த இடத்தில் ஒரு கால்பந்து மேட்ச் ஓடியது.

லிப்ட் மெக்கானிக்குக்கு ஊர் பேர் தெரியாத அந்தப் பழைய கராத்தே படம்தான் உயிர். கதைக்காக இல்லை. பதினோராவது நிமிடத்தில் ஹீரோவிடம் உதை வாங்கி மாடியிலிருந்து விழுகிற அடியாள், அவனுடைய அப்பா. சண்டைப் படங்களில் அடி வாங்கியே பிழைத்த மனுஷன். இவன் நடக்கப் பழகுமுன்பே போய்ச்சேர்ந்தார். அப்பா அசைந்து இவன் பார்த்தது அந்த ஒன்பது வினாடிதான். கடை கடையாக அலைந்தாலும் அந்தப் படத்துக்கு இன்னொரு கேசட் கிடைக்காது.

வீட்டில் கால்பந்துப் பைத்தியம் ஒரே ஆள். மச்சினன்.

"நீயாடா?"

"ஆமா மாமா. தெரியாம..."

"எங்கப்பனையே அழிச்சுட்டு மாமாவாம், மாமா! வெளியே போடா. இனிமே என் மூஞ்சியில முழிச்சே, நடக்கிறதே வேற."

போனான். பதினாலு வருஷம் வரவில்லை. அவன் கல்யாணத்துக்கு இவன் போகவில்லை, மனைவியையும் அனுப்பவில்லை.

போன ஞாயிறு மனைவி பிடிவாதமாக ஒரு மாடி ஹாலுக்கு இழுத்துப்போனாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது பேர், எல்லாம் பழைய கராத்தே படப் பைத்தியங்கள். திரையில் குத்து விழுந்து அரை வினாடி கழித்துச் சத்தம் வந்தது. ஹாலே சிரித்தது.

"இந்தக் கூத்தைப் பார்க்கவா கூட்டிட்டு வந்தே?"

"பேசாம பாருங்க."

பார்த்தான். மாடி. உதை. அப்பா.

விழுந்தார். எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டினார்.

"யோவ், என்னமா விழுறார்யா மனுஷன்! இன்னொரு வாட்டி போடு!" என்று ஒருவன் கத்தினான்.

"ஹீரோவை யாருய்யா பார்த்தா? இவருக்காகத்தான் இந்தப் படமே!"

முப்பது பேரும் கைதட்டினார்கள். மெக்கானிக் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

வெளியே, படிக்கட்டில் மனைவியின் கையைப் பிடித்தான்.

"அந்தப் பய அழிச்சதை எந்த மகராசன் மீட்டுக் கொண்டுவந்தானோ, அவன் கால்ல விழணும்."

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அவன் அழிக்கலைங்க. அன்னிக்கு அவனுக்கு வேலை. மேட்சைப் பதிஞ்சு வைக்கச் சொல்லியிருந்தான். கைக்குக் கிடைச்ச கேசட்டைப் போட்டது நான். நீங்க கத்தின கத்துல எனக்கு வாயே வரல. அவன் முந்திக்கிட்டுப் பழியை ஏத்துக்கிட்டான்."

மெக்கானிக் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"சரி... இந்தப் படத்தைக் கண்டுபிடிச்சது?"

"பதினாலு வருஷமா தேசம் தேசமா கடுதாசி போட்டுத் தேடினது, என் தம்பிதான்."